ஒரு கைக்கு மூவாயிரத்து நானூற்றுப் பதினொரு பேர்

விரல்நடைச் சட்டம் வந்தபோது வாகைக்குறிச்சியில் ஒருவரும் அசரவில்லை. எந்தச் சட்டம் வந்தாலும் அதற்கு ஒரு விண்ணப்பம் இருக்கும். விண்ணப்பம் என்று ஒன்று இருந்தால் அதை அடித்துக் கொடுக்க வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எதிரே எஸ்தர் பாக்கியம் இருப்பாள். பிறகு எதற்குப் பயப்பட வேண்டும்?

சட்டம் வந்த விதம் இதுதான். ஆள் இன்னார் என்று உறுதி செய்ய அரசாங்கம் முதலில் கைரேகையை நம்பியது. பீடி சுற்றியும் தீப்பெட்டி ஒட்டியும் பாத்திரம் தேய்த்தும் ரேகை அழிந்துபோன விரல்களை, மனித விரல்களாகவே ஏற்க முடியாது என்றது இயந்திரம். சரி, கண்ணைக் காட்டுங்கள் என்றார்கள். பாதிப் பேருக்குக் கண்புரை. முகத்தைக் காட்டுங்கள் என்றார்கள். திருச்செந்தூர் போய் மொட்டை போட்டு வந்தவர்களெல்லாம் முடி வளரும்வரை நாட்டுக்கு அந்நியர்கள் ஆனார்கள். கடைசியில் தலைநகரில் ஒரு குழு கூடி, மனிதனிடம் அழியாதது அவன் தட்டச்சு செய்யும் தாளம் ஒன்றே என்று கண்டுபிடித்தது. ஒரு விசையிலிருந்து அடுத்த விசைக்குப் போக விரல் எடுத்துக்கொள்ளும் நேரம் ஆளுக்கு ஆள் மாறும். அந்த 'விரல்நடை'யைத் திருட முடியாது, அதுவே இனி கையெழுத்து. நாட்டில் முக்கால்வாசிப் பேருக்குத் தட்டச்சே தெரியாதே என்று குழுவில் யாரோ ஒருவர் வாயைத் திறந்திருக்கிறார். உடனே தேநீர் இடைவேளை விடப்பட்டது.

தமிழ் விசைப்பலகை எது என்பதில் அடுத்த சண்டை. பழைய தட்டச்சுப் பொறிக்காரர்கள் ஒரு கட்சி, தமிழ்99 ஒரு கட்சி, ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழை வரவழைப்பவர்கள் ஒரு கட்சி. மூன்று கட்சியையும் சமாதானப்படுத்த முடியாமல், யார் வேண்டுமானாலும் எந்த எழுத்தையும் எந்த விசையில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், அந்த அமைப்பையும் அடையாளத்தோடு சேர்த்துப் பதிந்துவிட்டால் போதும் என்று முடித்துவிட்டார்கள். குடிமகனுக்குச் சோறு தருகிறார்களோ இல்லையோ, எழுத்தை இடம் மாற்றி வைத்துக்கொள்ளும் சுதந்திரம் கிடைத்தது.

அந்தச் சுதந்திரத்தைச் சட்டம் வருவதற்கு ஆறு வருடம் முன்பே எடுத்துக்கொண்டவள் பாக்கியம். கடை ஷட்டர் விழுந்து அவளுடைய வலது சுண்டுவிரல் நசுங்கிப்போய், ஆறிய பிறகும் மடங்கவில்லை. அவள் கற்ற பழைய அமைப்பில் மெய்யெழுத்துக்கு வைக்கும் புள்ளி அந்தச் சுண்டுவிரலின் பொறுப்பு. தமிழில் ஒரு வரி அடிப்பதற்குள் எட்டுப் பத்துப் புள்ளியாவது வைக்க வேண்டும். வேறு ஆளாக இருந்தால் கடையை மூடியிருப்பார். பாக்கியம் விசைகளை மாற்றி அமைக்கும் மென்பொருள் ஒன்றைப் பிடித்து, ஒவ்வொரு கட்டமாகத் திறந்து, புள்ளியைத் தூக்கி இடைவெளிக் கட்டைக்கு வலப்பக்கம் சும்மா கிடந்த விசையில் வைத்து, கட்டைவிரலின் தலையில் கட்டினாள். சுண்டுவிரலின் மற்ற வேலைகளை மோதிரவிரலுக்குக் கொடுத்தாள். விசைகளின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டிப் பேனாவால் எழுதிக்கொண்டாள். இரண்டு மாதத்தில் பழைய வேகம் வந்துவிட்டது. அந்தப் பலகையில் அவளைத் தவிர யார் உட்கார்ந்தாலும் தன் பெயரைக்கூட அடிக்க முடியாது.

வாகைக்குறிச்சியைச் சோதனைப் பேரூராக அறிவித்தார்கள். வயது வந்தவர்கள் மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேர். நாற்பது நாளில் எல்லாரும் ஓர் உறுதிமொழியைத் தாமே தட்டச்சு செய்து பதிய வேண்டும். அதற்கென்று வட்டாட்சியர் அலுவலகத்தில் எட்டுக் கணினிகள் வந்து இறங்கின. முதல் நாள் காலையில் ஊரே வரிசையில் நின்றது. ஆனால் எட்டுக் கணினிகளுக்கு முன்னால் அல்ல, எதிரே பாக்கியத்தின் கடையில்.

"ஏ, இது நீங்களே அடிக்கணுமாம். ஒங்க வெரலுதான் ஒங்க கையெழுத்தாம். எங்கிட்ட எதுக்கு வந்திய?" என்றாள் பாக்கியம்.

"நாங்க அடிச்சா வெளங்குமா மதினி? ஒரு எழுத்துத் தப்பிப்போச்சுன்னா நாளைக்கு ரேசன் கார்டையே நிறுத்திருவானுவ. நீங்களே அடிச்சிருங்க," என்றார் வரிசையில் முதலில் நின்ற மீன் வியாபாரி.

"அதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சீயளா?"

"அதப் படிக்கதுக்குத்தான நீங்க இருக்கிய."

உறுதிமொழி இவ்வளவுதான்: 'பிறர் உதவியின்றி என் சொந்த விரல்களால் இதைத் தட்டச்சு செய்கிறேன் என்று இதன்மூலம் உறுதியளிக்கிறேன்.' பாக்கியம் அதை ஒரு தடவை சத்தமாகப் படித்துக் காட்டினாள். வரிசையில் எல்லாரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். பிறகு அவள் அடித்தாள். ஒரு முறை மறுத்தவள் இரண்டாம் முறை மறுக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இருபத்தாறு வருடமாக ஊர் தன்னை நம்புகிறது என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. அந்தக் கர்வம் அவளைப் பேசவிடவில்லை.

மூன்றாம் நாள் வட்டாட்சியர் இசக்கிதுரையே சாலையைக் கடந்து வந்தார். எட்டுக் கணினிகளும் உறை பிரிக்காமல் கிடப்பதைப் பற்றிக் கேட்கத்தான் வருகிறார் என்று பாக்கியம் எழுந்து நின்றாள். அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பாக்கியம்மா, எம் பேருக்கும் ஒண்ணு அடிச்சிருங்களேன். நமக்கு இங்கிலீசுல ரெண்டு வெரலுதான் ஓடும்."

ஊரில் ஒரே ஒருத்தி மட்டும் அந்தக் கடைக்கு வரவில்லை. பீடிக் கம்பெனியில் வேலை பார்க்கும் தங்கபுஷ்பம். ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி சுற்றும் விரல் ஒரு வரியை அடிக்காதா என்று எட்டுக் கணினிகளில் ஒன்றின் உறையைக் கிழித்து உட்கார்ந்தாள். இரண்டரை நாள் ஆனது. மற்றவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் பச்சை விளக்கு எரிந்தது. "நாந்தான் நான்னு மிசினே சொல்லிட்டு, போங்கல," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மீதி மூவாயிரத்து நானூற்றுப் பதினொரு பேரும், பாக்கியம் உட்பட, பாக்கியத்தின் விரலில் பதிவானார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. மாநிலம் முழுவதும் விரல்நடை சொதப்பியது. மனிதன் சாப்பிடுவதற்கு முன்னால் ஒரு தாளத்தில் அடிக்கிறான், சாப்பிட்ட பிறகு வேறு தாளம். பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு வந்தால் இன்னொரு தாளம். எங்கு பார்த்தாலும் திரையில் சிவப்பு எழுத்தில் 'நீங்கள் நீங்கள் அல்ல' என்று வந்துகொண்டிருந்தது. வாகைக்குறிச்சியில் மட்டும் ஒரு வருடமாக ஒரு சிவப்புகூட இல்லை. பட்டா, ஓய்வூதியம், சாதிச் சான்று எதுவானாலும் பாக்கியம் அவரவர் எண்ணைப் போட்டுத் திறந்து அடிப்பாள், பச்சை எரியும். மனிதர்கள் அவரவராக இருந்த ஊர்களில் எல்லாம் கோளாறு. எல்லாரும் பாக்கியமாக இருந்த ஊரில் குறையே இல்லை. முன்மாதிரிப் பேரூர் என்று கேடயம் கொடுத்தார்கள். அதை வாங்கப் போன இசக்கிதுரை, ஏற்புரையை முதல் நாளே பாக்கியத்திடம் அடித்து வாங்கிக்கொண்டு போனார்.

இந்த அதிசயத்தை ஆராயச் சென்னையிலிருந்து விரல்நடை வாரியத்தின் இணை இயக்குநர் சத்தியநேசன் வந்தார். மெலிந்த மனிதர், கையில் எப்போதும் ஒரு பலகைக் கணினி. வட்டாட்சியர் அறையில் உட்கார்ந்து காபியை ஆறவிட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை நிமிர்த்தினார்.

"உங்க ஊர்ல எல்லாருக்கும் வலது சுண்டுவிரல்ல என்ன பிரச்சினை?"

"சார்?"

"மூவாயிரத்து நானூத்திப் பதினோரு பேர் புள்ளிய சுண்டுவிரல்லேந்து எடுத்துக் கட்டைவிரலுக்கு மாத்திப் பதிஞ்சிருக்காங்க. உலகத்துல வேற எந்த ஊர்லயும் இப்படி ஒருத்தர்கூட இல்ல."

இசக்கிதுரை யோசித்தார். "தண்ணி சரியில்ல சார்."

சத்தியநேசன் பலகைக் கணினியைத் திருப்பிக் காட்டினார். மேடும் பள்ளமுமாக மூன்று கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று படிந்திருந்தன. "இது மீன் வியாபாரி. இது பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. இது நீங்க. மூணுக்கும் தலைமுடி அளவு வித்தியாசம் இல்ல."

"ஒத்துமையான ஊரு சார் இது."

அதற்கு மேல் இசக்கிதுரையால் சமாளிக்க முடியவில்லை. பாக்கியத்தை அழைத்து வந்தார்கள். அவள் எதையும் மறைக்கவில்லை. அடிக்கச் சொன்னார்கள், அடித்தேன் என்றாள். தனக்கு என்ன தண்டனை என்றும் கேட்டாள். சத்தியநேசன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். நேர்மையான மனிதர்தான். ஆனால் அந்த முன்மாதிரிப் பேரூரை வைத்துத்தான் அவருடைய வாரியம் நாடு முழுவதுக்கும் திட்டத்தை விற்றிருந்தது. அடுத்த மாதம் எட்டு மாநிலங்கள் கையெழுத்துப் போட வருகின்றன.

"அம்மா, இது கம்ப்யூட்டருக்கு இன்னும் உறைக்கல. ஆளையும் அவங்க பழைய பதிவையும்தான் அது ஒப்பிட்டுப் பாக்குது. ஆளையும் பக்கத்து ஆளையும் ஒப்பிடச் சொல்லி யாரும் சொல்லல. நானும் சொல்லப்போறதில்ல," என்றார்.

"சொன்னா என்ன ஆகும் சார்?"

"இந்த ஊரே ஒரே நாள்ல இல்லாமப் போயிரும். மறுபதிவுக்கு ரெண்டு வருஷம் ஆகும். அதுவரைக்கும் பட்டா கிடையாது, ஓய்வூதியம் கிடையாது, ஆஸ்பத்திரிச் சீட்டுக்கூடக் கிடையாது." எழுந்துகொண்டார். "நான் எதையும் பாக்கல. ஆனா ஒண்ணு. இவங்க கை மாறாம இருக்கணும். ஒரு காயம், ஒரு வீக்கம், வயசானா வர்ற நடுக்கம், எது வந்தாலும் தாளம் மாறிடும். தாளம் மாறினா எல்லாருக்கும் ஒண்ணாத்தான் மாறும்."

அன்று சாயங்காலமே பாக்கியத்தின் வலது கை ஊரின் பொதுச்சொத்து ஆனது.

அவள் பாத்திரம் தேய்க்கக்கூடாது என்று இரண்டு பெண்களை அனுப்பினார்கள். அப்பளம் பொரிக்கக்கூடாது, எண்ணெய் தெறிக்கும். தெருநாய்களைப் பிடித்துப் பக்கத்து ஊரில் கொண்டுபோய் விட்டார்கள். அந்த ஊர்க்காரர்கள் அடுத்த நாளே திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எல்லாரும் கைதட்டிப் பாடும்போது சகோதரி மட்டும் வாயால் பாடினால் போதும் என்று போதகர் மேடையிலிருந்தே கேட்டுக்கொண்டார். பேருந்தில் ஏறினால் மூன்று பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். முதலில் பாக்கியத்துக்கு இது பிடித்துத்தான் இருந்தது. புருஷன் போன பிறகு அவளிடம் சாப்பிட்டாயா என்று கேட்க ஆள் இருந்ததில்லை. இப்போது மூவாயிரம் பேர் கேட்டார்கள். கையைத்தான் கேட்கிறார்கள், தன்னையல்ல என்று புரிய நாலு மாதம் பிடித்தது.

புரிய வைத்தது அந்தக் கைதான். காலையில் எழுந்தால் கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரலும் மரத்துக் கிடந்தன. சீப்பு நழுவி விழுந்தது. ஒரு நாள் சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகும்போது கவளம் மடியில் விழுந்தது. அவள் அப்படியே தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதாள். மாவட்ட மருத்துவமனையில் டாக்டர் ஹமீதா மணிக்கட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள நரம்பு நசுங்குது. கட்டைவிரல வச்சு என்னம்மா வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார்.

"புள்ளி வைக்கேன்."

"எத்தன?"

"ஊருக்கே வைக்கேன் டாக்டர்."

"மூணு வாரத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணணும். விட்டீங்கன்னா கட்டைவிரல் நிரந்தரமா விளங்காது. பேனா பிடிக்க முடியாது, சோறு அள்ள முடியாது, சேலைக் கொசுவம்கூடப் பிடிக்க முடியாது. நல்லா யோசிச்சுக்குங்க."

யோசிக்க அவளை விட்டால்தானே? ஆஸ்பத்திரிக்குப் போன செய்தி அவளுக்கு முன்னால் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது. மறுநாள் வட்டாட்சியர் அலுவலகக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். உட்கார இடமில்லாமல் வராந்தா வரை நின்றார்கள். பாக்கியத்தைக் கணினியின் முன்னால் உட்கார வைத்தார்கள், தீர்மானத்தை அடிக்க வேண்டுமே!

"பாக்கியம்மா, ஒங்க மேல எங்களுக்கு எம்புட்டு மரியாதைன்னு ஒங்களுக்கே தெரியும்," என்று ஆரம்பித்தார் இசக்கிதுரை. மரியாதையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என்ன வரப்போகிறது என்று பாக்கியத்துக்குத் தெரியும். அத்தனை வருடமாக எத்தனை மனுக்களின் முதல் வரியை அடித்திருக்கிறாள்! "ஆபரேஷன் பண்ணினா தாளம் மாறிரும். தாளம் மாறினா ஊரு போச்சு. வலிக்குன்னா மாத்திரை போட்டுக்கிடுங்க. தைலம் தேய்ச்சுவிட ஆள் போடுதோம்."

"கட்டைவெரலு வெளங்காமப் போயிரும்ங்காவ சார்," என்றாள் பாக்கியம்.

"அது மெதுவாத்தான போகும்? போறவரைக்கும் போகட்டும் மதினி," என்றார் மீன் வியாபாரி. ஆறுதலாகச் சொல்கிறோம் என்றுதான் அவர் நினைத்தார்.

சுவரோரம் நின்ற தங்கபுஷ்பத்துக்குப் பொறுக்கவில்லை. "ஏ, ஒங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கா? அந்தக்கா கையில சோறு அள்ள முடியல. ரெண்டர நாளு ஒக்காந்திருந்தா எல்லாரும் அவியவிய கையால அடிச்சிருக்கலாம்லா?"

"நீ ஒங் கையால பதிஞ்சவ. ஒனக்கென்ன, பேசுவ," என்றது கூட்டம். நியாயமாக நடந்துகொண்டவள் பேச உரிமையில்லாதவள் ஆனாள்.

இசக்கிதுரை தீர்மானத்தைச் சொல்லச் சொல்லப் பாக்கியம் அடித்தாள். 'திருமதி எஸ்தர் பாக்கியம் அவர்களின் வலது கை இப்பேரூர் மக்கள் அனைவருக்கும் பொதுவானது என்றும், அனைவரின் ஒப்புதலின்றி அதில் அறுவை சிகிச்சை செய்யக்கூடாது என்றும் ஒருமனதாகத் தீர்மானிக்கப்படுகிறது.' மாற்றி அடித்திருக்கலாம். திரையை யாரும் பார்க்கவில்லை, பார்த்தாலும் படிக்கப் போவதில்லை. 'உடனே அறுவை சிகிச்சை செய்யலாம்' என்று அடித்து அனுப்பியிருந்தால் ஊரே சம்மதித்ததாக ஆகியிருக்கும். அந்த எண்ணம் அவளுக்கு வராமல் இல்லை. கட்டைவிரல் நெருப்பாக எரிய, அந்த எண்ணம் நன்றாகவே வந்தது. ஆனால் கொடுத்ததை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் அடிப்பதுதான் தன் தொழில் என்று இத்தனை நாள் இருந்துவிட்டாள். தன்னையே தூக்கில் போடச் சொல்லி எவனாவது மனு கொண்டுவந்தாலும் பிழையில்லாமல் அடித்துக் கொடுக்கும் ஜாதி அவள். தன் மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது. இருந்தும் அடித்து முடித்தாள்.

வட்டாட்சியரின் எண்ணில் தீர்மானத்தை அனுப்பினாள். திரை சிவந்தது. 'நீங்கள் நீங்கள் அல்ல.'

"இன்னொரு வாட்டிப் பாருங்க," என்றார் இசக்கிதுரை. மறுபடி அடித்தாள். புள்ளி வைக்கும்போதெல்லாம் கட்டைவிரல் ஒரு கணம் தயங்கி, பிறகு விழுந்தது. சிவப்பு. மீன் வியாபாரியின் எண்ணைப் போட்டுப் பார்த்தார்கள். சிவப்பு. தலைமையாசிரியை எண், பஞ்சாயத்துத் தலைவர் எண், எல்லாம் சிவப்பு. கடைசியில் பாக்கியம் தன் சொந்த எண்ணைப் போட்டுத் தன் பெயரை அடித்தாள். அதுவும் சிவப்பு. அவள் அவள் இல்லையாம்.

அடுத்த வாரம் ஓய்வூதியத்துக்கு உயிர்ச்சான்று கொடுக்க வேண்டிய உச்சிமாகாளி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். எழுபத்தெட்டு வயது. "அப்பம் நான் இருக்கனா, இல்லையா? அதத் தெளிவாச் சொல்லு தாயி," என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. இதற்கு நானும்தான் பொறுப்பு என்று பாக்கியத்துக்குத் தோன்றியது. ஆனால் அதோடு கூடவே இன்னொன்றும் தோன்றியது. கை ஏற்கெனவே மாறிவிட்டது. இத்தனை பேர் இவ்வளவு நாள் காவல் காத்தது மாறிப்போன ஒரு கையை. இனி இதில் காப்பாற்ற ஒன்றும் இல்லை.

"சார், இது இப்பம் என் கை மட்டுந்தான், வேற யாருக்கும் இல்ல," என்று எழுந்தாள்.

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. இசக்கிதுரை மேசையைத் தட்டினார். "ஆபரேஷன ஒடனே பண்ணிருவோம்! நரம்பு நசுங்கித்தான தாளம் மாறிருக்கு? நரம்பச் சரி பண்ணினா பழைய தாளம் வந்துரும்லா?"

"அதானே! அன்னைக்கே பண்ணிருக்கணும். பாவம், எம்புட்டு வலி தாங்கிருக்காவ!" என்றார் மீன் வியாபாரி.

"மனுசனுக்கு ஒடம்புதான் முக்கியம்," என்றார் பஞ்சாயத்துத் தலைவர்.

கையைத் தொடக்கூடாது என்ற தீர்மானத்தைக் கைதட்டி வரவேற்ற அதே கூட்டம், கையைக் கிழித்தே ஆக வேண்டும் என்ற தீர்மானத்தை அதே கைதட்டலோடு நிறைவேற்றியது. அடித்து அனுப்பத்தான் ஆள் இல்லை. அரசு ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார்கள். ஜீப்பை வெளியே எடுக்க வட்டாட்சியர் ஆணை தட்டச்சு செய்ய வேண்டும். வட்டாட்சியர் என்று ஒருவர்தான் இப்போது இல்லையே. கூட்டம் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது தங்கபுஷ்பம் ஆட்டோவை நிறுத்தி, "வாங்கக்கா, ஏறுங்க," என்று பாக்கியத்தின் இடது கையைப் பிடித்து ஏற்றினாள். பின்னாலேயே இசக்கிதுரை தன் ஸ்கூட்டரில் வந்தார்.

டாக்டர் ஹமீதா கையைப் பார்த்து, நாளைக் காலையிலேயே செய்துவிடலாம் என்றார். இசக்கிதுரை முன்னால் வந்தார்.

"டாக்டர், பழைய வேகம் அப்படியே வரணும். ஒரு நொடியில நூத்துல ஒரு பங்குகூட முன்னப் பின்ன ஆயிரக்கூடாது. ஊரே இதுலதான் இருக்கு."

டாக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "கை மடங்கும், விரியும், சோறு அள்ளும். அதுக்குத்தான் ஆபரேஷன். மத்தபடி இதுக்கு அப்புறம் இவங்க எப்படி அடிப்பாங்கன்னு இவங்களுக்கே தெரியாது. புதுசாத்தான் இருக்கும்."

இசக்கிதுரையின் முகம் செத்துவிட்டது. டாக்டர் பாக்கியத்தின் பக்கம் திரும்பி ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினார். "சம்மதப் படிவம். விதிப்படி நீங்க தட்டச்சுப் பண்ணணும். ஆனா எங்க கம்ப்யூட்டர் முந்தாநாள்லேந்து படுத்துக் கிடக்கு. இதுல ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா."

பாக்கியம் பேனாவை வாங்கினாள். கட்டைவிரல் நிற்கவில்லை. மூன்று விரலால் பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எஸ்தர் பாக்கியம் என்று எழுதினாள். கோணலாக, கீழே இறங்கிக்கொண்டே போனது. டாக்டர் அதை வாங்கிப் பார்த்தார். இது நீங்கள் இல்லை என்று சொல்லவில்லை. கோப்பில் வைத்துக்கொண்டார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு யாருக்காகவும் இல்லாமல் தனக்காக மட்டும் ஒரு பெயரை எழுதியிருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்ததும் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. தங்கபுஷ்பம் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

மறுநாள் அறுவை முடிந்து வெளியே கொண்டுவந்தார்கள். வலது கையில் முழங்கை வரை வெள்ளைக் கட்டு. நர்ஸ் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது இசக்கிதுரை மெல்ல எட்டிப் பார்த்தார். கையில் ஒரு பிளாஸ்க், ஆரஞ்சுப் பை. ராத்திரி முழுக்க யோசித்திருக்கிறார் என்று முகத்தில் தெரிந்தது. கட்டிலோரம் உட்கார்ந்து, ஆரஞ்சை உரித்து, சுளையை நீட்டினார். பாக்கியம் இடது கையால் வாங்கிக்கொண்டாள். அவர் அந்தக் கையையே பார்த்தார்.

"பாக்கியம்மா, வாரியத்துல பேசிட்டேன். எல்லாருக்கும் மறுபதிவு வைக்கப் போறாவளாம். ரெண்டு வருசம்லாம் இல்ல, நாப்பது நாளுல முடிச்சிரலாம்னு சொல்லிட்டேன்." இன்னொரு சுளையை எடுத்தார். "ஊர்ல ஒரு எண்ணம் இருக்கு. இந்த எடது கை நல்லாத்தான இருக்கு? அதுக்குத் தக்கன எழுத்தயெல்லாம் கொஞ்சம் மாத்தி வச்சுக்கிட்டா, எல்லாரு பேருக்கும் நீங்களே..."

பாக்கியம் சுளையை மென்று விழுங்கினாள்.

"சிஸ்டர், இந்தக் கைக்கும் ஒரு கட்டுப் போட்டிருங்க," என்றாள்.